சமம் என்று எழுதியது

என் பெயர் கோகுலன், த/பெ வைத்திலிங்கம். வயது ஐம்பது. பாகான் டாலாமில் குடியிருக்கிறேன். ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகளாக ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். யாரும் அழைக்காமல் நானே காவல் நிலையத்துக்கு வந்தேன். தவறு தமிழில் நடந்ததால் தமிழிலேயே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

நீரிழிவால் காலில் புண் கண்டவர்களுக்கு ஆறு வாரம் மருந்து கொடுப்பது வழக்கம். மூன்று வாரம் போதுமா என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு. குறுகிய முறை மேலானது என்றோ சமமானது என்றோ இவ்வகை ஆய்வு காட்ட வேண்டியதில்லை. குணமாகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் குறையவில்லை என்று காட்டினால் போதும். மருந்தால் வரும் வயிற்றுக் கோளாறும் அலைச்சலும் தவிர்வதால் அவ்வளவு குறைவை ஏற்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கியவன் நான். வரைவில் அந்தப் பத்துப் பேர் கணக்கை எழுதியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்த சக ஊழியர் ஒருவர், "கொறையும்னு போட்டா யாரு சார் சேருவா" என்றார். அதன் பின்னர் அவ்வரியை நீக்கி, 'புதிய முறை பழையதற்குச் சமமானது' என்று எழுதினேன்.

விதிப்படி, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் தமிழ்ப் படிவத்தைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அதையும் நானே எழுதி, தமிழில் நீக்கிய பத்துப் பேர் கணக்கை அதில் சேர்த்தேன். அதன் பின்னர் தாதி நூர்ஜானிடம் மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் கையொப்பம் கேட்டேன். "நீங்க எழுதுனா தப்பு இருக்காதுண்ணே, குடுங்க" என்று படிக்காமல் போட்டார். மருத்துவமனையின் ஆய்வு நெறிக்குழு அனுமதித்தது.

கடந்த மார்ச் ஏழாம் தேதி காலை பதினொரு மணிக்கு, ஜுருவில் தொழிற்சாலைக் கேண்டீனில் சமைக்கும் காமாரியா, வயது ஐம்பத்தெட்டு, படிவத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, "சமம்னா ஒரு அரிசிகூட கொறையாதுல்ல தம்பி?" என்று கேட்டார். "கொறையாதுக்கா" என்றேன். அதன் பின்னர் கையொப்பமிட்டார். மூன்று வாரக் குழுவில் சேர்க்கப்பட்டார். ஜூன் மாதம் புண் திரும்பி, இடது காலில் மூன்று விரல்கள் எடுக்கப்பட்டன. மூன்று வாரமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆறு வாரத்திலும் அப்படி நடப்பதுண்டு. அவர் கேட்டதற்கு நான் சொன்ன விடை பொய் என்பதையே சொல்கிறேன்.

அதன் பின்னர் வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். போர்வையை விலக்கி, "சமம்தானே தம்பி? ரெண்டு காலையும் பாருங்க லா" என்று சிரித்தார். மேசையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். வாங்கித் தின்றேன்.

காமாரியா புகார் செய்த பின்னர், தமிழ்ப் படிவமும் ஆங்கிலத் தாளும் பொருந்தாதது தெரியவந்தது. ஆங்கிலத் தாளில் தன் பெயர் இருப்பதால் நூர்ஜான் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். விசாரணைக் குழு என்னைக் கேட்டபோது, அவருடைய 'கவனக்குறைவு' என்று எழுத்தில் கொடுத்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். நூர்ஜானிடம் குறை எதுவும் இல்லை; என்னை நம்பினார்.

இவை யாவும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்ததற்கு மேல் கூட்டவும் இல்லை, இம்முறை எதையும் குறைக்கவும் இல்லை என்று அறிந்து ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வை. கோகுலன்