பீரங்கி தூக்குற எலி

– எலி பீரங்கியத் தின்னுமாப்பா? வெளிய சொன்னா சிரிப்பாங்க.

– தின்னுதுன்னு நான் சொன்னேனா? தூக்கிட்டுப் போகுதுன்னேன். பித்தளை பளபளன்னு இருக்குல்ல, அதுக்கு ஆசை. ஆங், பார்த்து வா பாப்பா, மேஜைக்கு அடியில பசை அட்டை வெச்சிருக்கேன். மிதிச்சா செருப்போட போச்சு.

– அய்யோ, கதவு பக்கத்துல இன்னொண்ணு! ராத்திரி எழுந்து நீங்களே கால வெச்சா என்னப்பா ஆகுறது?

– நான் எங்க நடக்குறேன்? இந்த நாற்காலி, எதிர்ல கப்பல். அவ்வளவுதான் என் உலகம்.

– தலையணை ஏன் நாற்காலியில கெடக்கு?

– காவல். கட்டில்ல நீட்டிப் படுத்தா ஒரேயடியா அசந்துடுறேன். உக்காந்துக்கிட்டே தூங்குனா, சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு வருது.

– நல்லாருக்கு கதை. பொம்மைக் கப்பலுக்கு ஒரு காவல்காரர். அதான் மூஞ்சி இப்படி உப்பிக் கெடக்கு.

– பொம்மைன்னு சொல்லாத. பாய் கட்டி ஓட்டுன காலத்துல, இது தூரத்துல தெரிஞ்சாலே எதிரி திரும்பிப் போயிடுவான். சொல்றேன் பாரு, மேல் தட்டுல ஒரு வரிசை, கீழ் தட்டுல ஒரு வரிசை, மொத்தம் எழுபத்தி நாலு பீரங்கி. போன வாரம் அறுபத்தி நாலு எண்ணி வெச்சேன். அப்புறமும் உக்காந்து செஞ்சேன். இப்ப எண்ணுனா அறுபத்தி ஒண்ணு. செய்யச் செய்ய ஏறணுமா, இறங்கணுமா?

– எங்கயாவது உருண்டு போயிருக்கும். சரி விடுங்க. சாப்பிட்டீங்களா?

– ஆச்சு. நீ தையல் கடைய சாத்திட்டா வந்த?

– காஜா எடுக்குற பொண்ணு இருக்கா, பார்த்துப்பா. நேத்து உங்க ஆஸ்பத்திரி மெஷின் நாளாச்சே, வண்டி நேரத்துக்கு வந்துச்சா?

– அந்த வண்டிக்காரரா? தங்கமான மனுஷன். இங்க பாரு, பீரங்கி ஜன்னல் மூடிய பாரு. ஒவ்வொண்ணுக்கும் கீல் வெச்சிருக்கேன். நகத்தால தொட்டா தெறக்கும். கப்பலுக்குள்ள இருந்தவன் கயித்த இழுப்பான், எல்லா மூடியும் ஒரே நேரத்துல தெறக்கும். இப்ப நான் தெறந்தா பதிமூணு ஜன்னல்ல வாய் மட்டும்தான் இருக்கு, பல்லு இல்ல.

– கையக் காட்டுங்க. விரலெல்லாம் வீங்கியிருக்கு.

– இடுக்கியப் புடிச்சுப் புடிச்சு அப்படி ஆயிருச்சு.

– தண்ணி அளந்துதானே குடிக்கிறீங்க? கிட்னி டாக்டர் கோடு போட்டுக் குடுத்த பாட்டில் எங்க?

– அந்த அம்மா இருந்த வரைக்கும் அவதான் அளந்து ஊத்துவா.

– இருந்த வரைக்கும்னா?

– நிறுத்திட்டேன்.

– யார? வீடு துடைக்கிறவங்களயா? ஏம்ப்பா? எத்தன வருஷமா வர்றாங்க!

– எலியா இருக்காதுன்னு ஒரு நாள் தோணுச்சு. பித்தளைக்கு ஆசப்பட்டுட்டாளோன்னு... பையத் தெறந்து காட்டுன்னு சொல்லிட்டேன்.

– அய்யோ, அப்பா.

– காட்டுனா. ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை, பேரப்புள்ளைக்கு வாங்குன பென்சில் டப்பா. அந்த டப்பாவையும் தெறந்து காட்டுனா, நான் கேக்கவே இல்ல. துடைப்பத்த அதோட எடத்துல வெச்சுட்டுப் போயிட்டா.

– என்கிட்ட ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே.

– என்னன்னு போடுவேன்? என் பீரங்கியக் காணோம், பாவம் ஒரு பொம்பளைய அழ வெச்சுட்டேன்னா? அவ போனதுக்கு அப்புறமும் காணாமத்தான் போகுது பாப்பா. அட்டையில ஒரு பல்லிதான் மாட்டுச்சு. எலிப் புழுக்கை ஒண்ணுகூட இல்ல. எலியும் இல்ல, அவளும் இல்லைன்னா மிச்சம் ஒண்ணுதான்.

– என்ன?

– என் தலை. மூளை கழண்டுக்கிட்டு வருது. செய்யாததச் செஞ்சதா நெனச்சுக்கிறேன் போல.

– அப்படியெல்லாம் இல்லப்பா.

– உங்க பெரியப்பாவ நீ பார்த்திருக்கியே. போட்ட சட்டை மேல இன்னொரு சட்டையப் போட்டுக்கிட்டு, என் சட்டையக் காணோம்னு வீடு பூரா தேடுவார். நாங்க சிரிப்போம். இப்ப அடிக்கடி அவரு மூஞ்சி ஞாபகம் வருது. உடம்பு போனாப் போகட்டும்னு எப்பவோ மனசத் தேத்திக்கிட்டேன். புத்தி போயிருச்சுன்னா? கப்பல முடிச்சேனா இல்லையான்னு எனக்கே தெரியாதே. பயமா இருக்கு, சொல்றேன் பாரு. ரொம்பப் பயமா இருக்கு.

– அப்பா.

– ஆங்.

– உங்க தலைக்கு ஒண்ணும் இல்ல. நான்தான்.

– நீதான்னா?

– நான்தான் எடுத்தேன். வர்றப்பல்லாம், நீங்க மூஞ்சி கழுவப் போன நேரத்துல. ரெண்டு, மூணுன்னு. கடையில பட்டன் டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன். போன தடவ எடுத்தது பையிலயே கெடக்கு. இந்தாங்க.

– ...கொண்டா இப்படி.

– திட்டிடுங்கப்பா.

– இது, எடது சக்கரம் கோணலா போனது. அறுத்து மறுபடி வெக்கலாமா வேண்டாமான்னு ஒரு சாயங்காலம் பூரா யோசிச்சேன். அப்புறம் தேடுனா ஆளக் காணோம். கனவுல செஞ்சேன்னு முடிவு பண்ணிட்டேன். கனவுன்னு!

– அப்பா...

– பேசாத. ஒரு கிழவன உக்கார வெச்சு, உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு அவனையே நம்ப வெச்சிருக்க. ஒரு ஏழை அவ பேரப்புள்ள பென்சில் டப்பாவ என் முன்னால தெறந்து காட்டுனா. எல்லாம் நீ செஞ்ச வேலைக்கு. பெத்த பொண்ணு செய்யுற காரியமா இது? எதுக்கு எடுத்த? அதச் சொல்லு.

– நீங்க டாக்டர்கிட்ட சொன்னீங்கல்ல, அதுக்கு.

– என்ன சொன்னேன்?

– கப்பல் முடியுற வரைக்கும் ஊசி குத்துங்க, அதுக்கப்புறம் அந்த மெஷினும் வேண்டாம், ரத்தத்தச் சுத்தம் பண்ணவும் வேண்டாம், என்ன விட்டுடுங்கன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். டாக்டர் தமாஷுன்னு சிரிச்சார். நீங்க சிரிக்கல.

– ஆமா. சிரிக்கல.

– கீழ் தட்டு முடிஞ்சது. பாய்மரம் மூணும் நின்னுச்சு. நூலேணி கட்டியாச்சு, கொடி ஏத்தியாச்சு. நீங்க ஒவ்வொண்ணா ஆசையாக் காட்டுறீங்க, நான் மிச்சம் எத்தனன்னு எண்ணிக்கிட்டே நிக்கிறேன். பீரங்கி மட்டும்தான் பாக்கி. எழுபத்தி நாலு ஆகக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. ஆகாத வரைக்கும் எங்கப்பா மெஷினுக்குப் போவாரு, எங்கப்பா இருப்பாரு. கிறுக்குத்தனம்னு தெரியும். வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?

– வாயத் தெறந்து கேட்டிருக்கலாமே.

– கேக்கலையா? நான் கேட்டேன், உங்க மாப்பிள்ளை கேட்டாரு. நீங்க சட்டைக் கையச் சுருட்டி விட்டுக் காட்டுனீங்க. குத்திக் குத்தி, கயிறு முறுக்குன மாதிரி ஆயிருந்த கை. அதப் பார்த்ததுக்கு அப்புறம் யாருக்கு வாய் வரும்?

– ஆயுசு பூரா லேத்துல நின்னேன் பாப்பா. கடைஞ்சது ஒரே அளவு போல்ட்டு. அது எந்த மெஷினுக்குப் போச்சு, எவன் முடுக்குனான், ஒண்ணும் தெரியாது. ஒரு சாமானையாவது அடியில இருந்து உச்சி வரைக்கும் என் கையால செஞ்சு, தள்ளி நின்னு பார்க்கணும். அதுக்குத்தான் இத்தனையும். சாகணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. பாதியில விட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதான்.

– அப்ப முடிங்க. பட்டன் டப்பாவோட கொண்டாந்து கொட்டுறேன். முடிச்ச கையோட அடுத்தத ஆரம்பிங்க. மூணு தட்டு வெச்சது. நூறு பீரங்கி.

– நூறா! அடி பேராசைக்காரி.

– சரின்னு சொல்லுங்க.

– நூறு பீரங்கின்னா மரம் நல்லதா வேணும். இந்த மாதிரி பழைய அலமாரிப் பலகை ஆகாது.

– நான் வாங்கித் தர்றேன். சரியா?

– சரி. ஆரம்பிப்போம்.

– சத்தியமா?

– ஆரம்பிப்போம்னு சொன்னேன்ல. மொதல்ல அந்த அட்டையெல்லாம் எடுத்து வெளிய போடு. பல்லி பாவம்.

– அந்த அம்மா வீட்டுக்கு நான் போறேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்.

– நானும் வரணும். பையத் தெறக்கச் சொன்னது நானில்ல? மாடிப்படி இருக்கா அவ வீட்டுக்கு?

– இருக்கு. ஏன்?

– சும்மா கேட்டேன்.

– ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது? பேசுனதுக்கேவா?

– கத்துனேன்ல.

– நாளைக்கு மெஷின் நாள். கடைக்கு நான் போகல. உங்ககூட வண்டியில ஏறிக்கிறேன், அந்த நாலு மணி நேரமும் பக்கத்துலயே உக்காந்து நூறு பீரங்கிக்குக் கணக்குப் போடுவோம். கால நீட்டுங்க, செருப்பு சரியா இருக்கான்னு பார்க்குறேன். அப்பா... என்னப்பா கால் இது? விரல வெச்சா குழி விழுந்து அப்படியே நிக்குது! நேத்து உடம்புல இருந்து எவ்வளவு தண்ணி எறக்குனாங்க?

– விடு பாப்பா.

– கேக்குறேன்ல. நேத்து மெஷின்ல எத்தன கிலோ எறக்குனாங்க?

– கோவப்படக் கூடாது.

– எதுக்குக் கோவப்படணும்? என்னப்பா?

– எலி இல்லைன்னு ஆனதுமே, தலைதான் போகுதுன்னு முடிவுக்கு வந்துட்டேன். முழுசாப் போறதுக்குள்ள கப்பல முடிச்சுடணும்னு ஒரு வெறி. மெஷின்ல படுத்துட்டு வந்தா அன்னைக்கும் கை எழாது, மறுநாளும் எழாது. மிச்ச நாள்ல நான் எத்தன செஞ்சாலும், காணாமப் போனது அதவிட ஜாஸ்தி.

– அதனால?

– ஏன் மெஷினுக்கு வரலைன்னு ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்கு வந்திருக்கேன், இங்க பக்கத்துலயே பார்த்துக்குறாங்கன்னு சொன்னேன்.

– அப்பா, அதனால என்ன செஞ்சீங்க?

– வண்டிக்காரர்கிட்ட, இனிமே வர வேண்டாம்னுட்டேன். பீரங்கி செய்ய எனக்கு நாள் பத்தல பாப்பா.