சட்டை என்று எழுதிய அட்டை

விருத்தாசலத்தில் டீ வாயில் வைக்க விளங்காது, இன்ஸ்பெக்டர் சார். ஊரே பீங்கான் கோப்பை செய்து வெளியூருக்கு அனுப்புகிறது. டீக்கடைக்காரன் மட்டும் அழுக்குக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தருகிறான். தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாத ஊர். நீங்கள் வரவழைத்த டீயைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சக்கரபாணி. மெட்ராஸில் ஓவியம் படித்தேன். போன வருஷம், எழுபத்திரண்டில், முதலாளி கோதண்டபாணி தன் பீங்கான் தொழிற்சாலையில் சாசருக்குப் பூ வரைய என்னை வைத்தார். பூ வரைவது கலை இல்லை. கலை என்பது எண்ணம். எண்ணம் பிடிபட்டுவிட்டால் பொருளே வேண்டாம், அதன் பெயரை எழுதி வைத்தால் போதும். வெளிநாட்டில் இதைக் கண்காட்சியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். இங்கே அதைச் சொல்ல எனக்குக் கிடைத்தது ஒரு சூளைக்கொட்டகை.

தண்ணீர்ப் பானையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘பானை’ என்று எழுதிய அட்டையை மாட்டினேன். முக்காலியை எடுத்துவிட்டு ‘முக்காலி’. இப்படிப் பதினோரு அட்டைகள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பானை எங்கே என்றுதான் கேட்டார்கள்.

சூளைக்காரன் கோவிந்தராசு சாப்பாட்டு நேரத்தில், அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று சொன்னான்: “ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவுங்களா சார்? தாவம் எடுத்தா இந்த அட்டய நக்கறதா?”

கொட்டகையே சிரித்தது. கோதண்டபாணி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “சனிக்கெழமக்குள்ள எல்லாத்தயும் கழட்டிடுங்க தம்பி, வேல கெடுது” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சூளைக்கு அடியில் புகை போகிற சுரங்கம் ஒன்று உண்டு. தீ மூட்டுவதற்கு முன்னால் ஒருவன் அதற்குள் ஊர்ந்து போய்க் கரியைச் சுரண்ட வேண்டும். போகிறவன் தன் சட்டையைக் கழற்றி அடுப்பு வாய்க்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். சட்டை தொங்குகிறவரை யாரும் தீ வைக்க மாட்டார்கள். பூட்டு கிடையாது, மணி கிடையாது, அவ்வளவுதான் இவர்கள் ஏற்பாடு. யோசித்துப் பாருங்கள், அந்த ஆணியில் சட்டை என்பது உடுப்பா? ‘உள்ளே ஆள் இருக்கிறான்’ என்கிற வாக்கியம். என்னைப் பார்த்துச் சிரித்தவன் ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உள்ளே போய்வந்துகொண்டிருந்தான். அவன் மண்டையில் அது ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கோவிந்தராசு உள்ளே போனான். நான் சட்டையை எடுத்தேன். நீலக் கட்டம் போட்டது, காலரில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆணியில் ‘சட்டை’ என்ற அட்டையை மாட்டினேன். கறுப்பு மை, இரண்டு அங்குல எழுத்து. போட்டோவும் எடுத்தேன்.

தீ மூட்டுகிற மாணிக்கவேல் பதினொன்றுக்கு வந்தான். ஆணியைப் பார்த்தான், சட்டை இல்லை. அட்டையையும் பார்த்தான். “இங்கயும் வந்து மாட்டிட்டீங்களா சார்?” என்று சிரித்துவிட்டு விறகில் தீ வைத்தான். புகை நுழைகிற பக்கம்தான் சுரங்கத்திலிருந்து வெளியே வருகிற வழியும். மண் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. யார் கத்தினாலும் காதில் விழாது. நான் பத்தடி தள்ளி நின்றேன். பன்னிரண்டு மணிவரை நின்றேன்.

கோவிந்தராசுவின் மனைவி தனக்கோடி அங்கேயே மண் சலிக்கிறவள். உடலை வெளியே இழுத்துப் போட்டபோது அவள் அழவில்லை. ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, “சட்டய மாட்டாம போவ மாட்டாரே அவரு, சட்ட எங்க?” என்று கேட்டாள். என்னையும் கேட்டாள். பை என் தோளில்தான் தொங்கியது.

நான் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. ஊர் மாணிக்கவேலைக் கொலைகாரன் என்கிறது, நீங்களும் அவனைப் பக்கத்து அறையில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று ஏட்டு சொன்னார். அவனை விட்டுவிடுங்கள். அவன் கை மட்டும்தான் வேலை செய்தது, அதில் அவனுக்கென்று ஓர் எண்ணமும் கிடையாது.

என் அட்டை பொய் சொல்லவில்லை, சார். இருக்க வேண்டியது அங்கே எழுதியிருந்தது. படித்தவன் எவனும் ஒரு நிமிஷம் நின்று, சட்டை யாருடையது என்று கேட்டிருப்பான். ஆகவே கோவிந்தராசு செத்தது சொல்லால் இல்லை, படிக்காத ஊரால்.

மாணிக்கவேலுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். வியாழக்கிழமை மாலை அவனைக் கூப்பிட்டு, முக்காலி அட்டையைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். “எனக்கு ஏதுங்க சார் படிப்பு, கைநாட்டுதான்” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் பன்னிரண்டாவது அட்டையை எழுத உட்கார்ந்தேன்.