நாற்பது முயல் எடை

முயலை மல்லாக்கப் படுக்கவைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் புரண்டு எழுந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. அது அதன் சுபாவம். ஸ்பிரிட் கொடுத்தால் எழ நேரமாகும். எவ்வளவு நேரம் என்பதைத்தான் ஒரு வருஷமாக நோட்டில் எழுதிவந்தேன்.

மாட்டு டாக்டர் நாகேந்திரனிடம் நான் கம்பவுண்டர். காயம் துடைக்க வரும் ஸ்பிரிட்டில் முயலுக்குக் கால் அவுன்ஸ். வயிறு நிறைந்த முயல் அரை மணியில் எழுந்தது. பட்டினி போட்டது ஒன்றரை மணி. நனைத்துக் குளிரில் வைத்தால் இன்னும் அதிகம். தினமும் ஊற்றிப் பழக்கிய கிழட்டு முயலோ உடனே எழுந்து கீரை தேடியது. பட்டினி, ஈரம், பழக்கமின்மை மூன்றும் சேர்ந்த இரண்டு மட்டும் எழவில்லை. டாக்டர் அவசரப்பட்டுப் புதைத்துவிட்டார். இன்னும் ஒரு நாள் பார்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

நோட்டைப் பார்த்து டாக்டர் சிரித்தார். "முயலு சரிப்பா. மனுஷன் எவ்ளோ நேரம் தூங்குவான்னு எழுதினியா?"

நியாயமான கேள்வி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வண்டிக்கார வேணுவை யோசித்தேன். மதுவிலக்கு வந்த பிறகும் அவன் வாசனை மாறவில்லை. பழகின உடம்பு கணக்கைக் கெடுக்கும். என் அக்கா புருஷன் ராஜவேலு பாவா சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர். முந்தின நாள் முழுப் பட்டினி. விடிந்ததும் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு நிற்பார். தேடினாலும் இப்படியொரு பிராணி அமையாது. வேர்க்கடலை மண்டித் தராசில் விளையாட்டாக ஏற்றிப் பார்த்தேன். நாற்பது முயல் எடை.

பானகம் நானே கரைத்தேன். ஸ்பிரிட் பத்து அவுன்ஸ். சுக்கும் ஏலக்காயும் தாராளம்.

"இன்னாடா பரசு, சுக்கு தொண்டையப் புடுங்குது?"

"மல ஏறணுமில்ல பாவா, குடிங்க."

என்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். சொட்டு விடாமல் குடித்தார். பதினோராம் படியில் காவடியோடு சரிந்தார். வேண்டுதல் பாக்கியாகிவிட்டதே என்று எனக்கும் வருத்தம்தான். பக்தர்கள் பட்டினி மயக்கம் என்று நினைத்து, நான் சொன்னபடி எங்கள் மாட்டு ஆஸ்பத்திரிவரை தூக்கிவந்து கொடுத்தார்கள். நல்ல ஜனங்கள்.

ஈரம் மாற்றாமல் கல்தரையில் மல்லாக்கக் கிடத்தினேன். யுத்தத்திலிருந்து திரும்பிய எல்லப்பனிடம் வாங்கிய கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் குறட்டை நின்றது. ஆழ்ந்த தூக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

சுலோச்சனா அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, அவரு ஒடம்பு சில்லுனு கீதுடா."

குளிர் தூக்கத்தை நீட்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் படிக்காதவள், பாவம்.

ஆமாம் ஐயா, நான்தான் கொடுத்தேன், தெரிந்தேதான் கொடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. நாளைக் காலையில் எரிக்கப்போகிறார்களாம். ஒரே ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். முயல் விஷயத்தில் பட்ட அவசரம் போதும். நோட்டில் பாவாவின் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் எழுந்ததும் நேரத்தைக் குறிக்க வேண்டும், என் பென்சிலை மட்டும் திருப்பிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.