கூட்டிவரப் போனவர்

எழுபத்தொன்பதில் ஒரு காலை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தக்காளிக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் சொன்னது என் காதில் விழுந்தது.

"என்ற மக பம்பாயில டிஸ்கோ குழுவுல இருக்கறாளுங்க."

பக்கத்தில் இருந்தவள் திரும்பினாள். "அப்படின்னா என்னங்க்கா?"

"பெரிய ஓட்டல் மேடையில மினுமினுன்னு சட்டை போட்டுட்டு நாலு பொண்ணுங்க ஆடுவாங்க. பாட்டு டேப்புல ஓடும், இவுங்க வாயசைச்சாப் போதும். ஒரு நாள் டேப்பு பாதியில நின்னுபோச்சு. மத்த மூணு பேரும் அப்படியே நின்னுட்டாங்க. இவ மட்டும் ஆட்டத்த விடாம, சொந்தக் குரல்ல அந்தப் பாட்ட முழுசாப் பாடி முடிச்சாளுங்க. அதுக்கப்பறம் டேப்பே வேண்டாம்னுட்டாங்க. இப்ப குழுவுக்கே அவதான் பாடறா."

"ஊட்டுல ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்கப்பா ஒத்துக்கவே இல்லீங்க. கையோட கூட்டிட்டு வந்தர்றேன்னு போன மாசம் ரயிலேறிப் போனாரு. தனியாத்தான் வந்தாரு."

"புள்ள வரமாட்டேன்னுட்டாளா?"

அந்த அம்மாள் சரிந்த கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

"இவரு கூப்பிடவே இல்லீங்க. கடைசி வரிசையில உக்காந்து பாத்திருக்காரு. பாட்டு முடிஞ்சதும் அத்தன சனமும் எந்திரிச்சுக் கை தட்டுச்சாம். 'நானும் எந்திரிச்சுத் தட்டிட்டேன், அப்பறம் என்னன்னு கூப்பிடறது'ன்னு என்னையக் கேக்கறாரு."