நாலு பூண்

இல்ல சாகேப், கொண்டு வரல. எப்படிக் கொண்டு வர்றது, அது சும்மா கழட்ட வராது. தந்தம்தான். பிளாஸ்டிக் எது தந்தம் எதுன்னு தெரியாமயா ரெண்டு வண்டி மாறி புஜ் வரைக்கும் வருவேன்? எங்கம்மா கையில இருக்கு. முழங்கைக்கு மேல, கைக்கு ஒரு வளையல், நாலு விரல் அகலம். வாசல்ல நிக்கிற உங்க ஃபாரஸ்ட் கார்டு கேக்குறாரு, உங்கம்மாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு. அம்மாவுக்கு நான் இங்க வந்ததே தெரியாது. ஒட்டகத்துக்கு சொறி மருந்து வாங்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பிப் போறப்ப அதையும் வாங்கணும், ஞாபகம் வச்சுக்கணும்.

நீங்க வந்து அந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போகணும். அவ்ளோதான் என் மனு.

பேரா? ஸாஜு. வயசு பதினெட்டு. படிப்பு ஒன்பது. பத்தாவதுல மூணு மாசம் போய் உக்காந்தேன், கணக்கு ஏறல, வந்துட்டேன். அதுக்கப்புறம் மோர்பில டைல்ஸுக்குப் பெட்டி கட்டுற வேலை. அதையும் போன மாசம் பாதில விட்டுட்டேன். ஏன்னு கேக்காதீங்க, அது வேற விஷயம், அதை எழுத வேணாம்.

பேப்பர் கிடையாது சாகேப். தந்தம் வச்சிருக்கிறவங்க எல்லாம் வந்து பதிஞ்சுக்கோங்கன்னு சொன்னப்ப நான் பொறக்கவே இல்ல. எங்க ஆளுங்க ஒட்டகத்தை ஓட்டிக்கிட்டு ஏதோ கழிமுகத்துல கெடந்திருப்பாங்க. அங்க யாரு வந்து சொல்றது?

என்ன சாகேப், பேனாவைக் கீழ வச்சுட்டீங்க?

வேணாம். தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. கிராமத்துப் பொம்பளைங்க கையைப் புடிச்சு வளையலைப் பறிக்கிற ஆள் நான் இல்லன்னு நீங்க சொன்னா, அப்ப செவுத்துல எதுக்கு அந்த யானைப் படம்? தந்தம் வச்சிருந்தா ஜெயிலுன்னு அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியும், ஒன்பது வரைக்கும் தெரியும். நான் பாத்த மாதிரி இல்ல, நீ சொன்ன மாதிரி இல்ல, டீ குடிச்சிட்டுப் போம்மான்னா எப்படி? நல்லவரா இருக்காதீங்க சாகேப். எங்க ஊர்ல நல்லவங்க நிறைய இருக்காங்க. எனக்கு இன்னிக்கு ஒரு கண்டிப்பான ஆள் வேணும்.

சரி, டீ குடுங்க. சர்க்கரை போதும்.

அது கழட்ட வராதுன்னு சொன்னேன்ல, முழுசா சொல்றேன். எங்க ஜனத்துல புருஷன் இருக்கறப்பவே பொண்டாட்டி போயிட்டா தந்தம் அவளோட சிதைக்குப் போயிடும். புருஷன் முதல்ல போனா வளையல்காரர் ஹாசம் காகா வருவாரு. இப்ப அவரு பிளாஸ்டிக் வளையல்தான் கடையிறாரு, ஆனா ஒரு சின்ன வாள் வச்சிருக்காரு, பல்லு பல்லா, என் விரல் நீளம்கூட இருக்காது. கைக்கும் வளையலுக்கும் நடுவுல ஒரு தோல் துண்டைச் சொருகி ரெண்டு இடத்துல அறுப்பாரு. ரெண்டு பாதியா விழும். அதை எடுத்து வச்சிருந்து, அந்த வீட்டுல அடுத்த பொண்ணுக்குக் கல்யாணம் வந்தா, அறுத்த இடத்துல வெள்ளிப் பூண் போட்டு ஆணி அடிச்சு அவ கையில மாட்டிடுவாங்க. ஆக தந்தம் ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு வந்திருக்குன்னா, நடுவுல ஒரு ஆம்பளை செத்திருக்கான். ரெண்டு பூணுக்கு ஒரு ஆம்பளை. எங்கம்மா வளையல் ஒவ்வொண்ணுலயும் நாலு பூண். ஒரு ஜோடி எங்கம்மாவோட பெரியம்மா புருஷன். இன்னொரு ஜோடி அதுக்கும் முன்னாடி, அது யாருன்னு யாருக்குமே தெரியல. பேர் கூட மறந்துட்டாங்க, பூண் மட்டும் இருக்கு.

ஆமா, அதான் எல்லாரும் கேப்பாங்க. நானும் சின்னப் பிள்ளைல கேட்டேன். பூண்லயே ஆணியைத் தட்டினா கழண்டுடும்தான். ஆனா தட்ட மாட்டாங்க. அது பழைய சாவு. புதுச் சாவுக்குப் புது இடத்துலதான் அறுக்கணும். இப்படியே போனா ஒரு நாள் வெறும் வெள்ளிதான் மிஞ்சும், தந்தமே இருக்காதுன்னு நான் சொன்னேன். எங்க போஜா பெரியப்பா வாயில அடின்னாரு.

போஜா பெரியப்பா எங்கப்பாவுக்கு அண்ணன். அவருதான் இப்ப எல்லாம். கெட்டவருன்னு எழுதிடாதீங்க. எங்க ஒட்டகத்தையும் சேர்த்து அவருதான் மேய்க்கிறாரு. வீட்டுக்கு மாவு வந்து இறங்குறது அவரால.

அப்பாவா? வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

மூணு வருஷம் ஆச்சு. மழைக்காலம். எங்க ஒட்டகம் நீந்தும், தெரியும்ல, கடல்ல இறங்கி அந்தாண்ட திட்டுக்குப் போய் அலையாத்தி இலை தின்னுட்டு வரும். அப்பா ஏழு ஒட்டகத்தோட இறங்கினாரு. நாலாம் நாள் ஏழும் தானா திரும்பி வந்துச்சு. அப்பா வரல. தேடினாங்க, படகு போச்சு, போலீஸ் வந்துச்சு. ஒண்ணும் கெடைக்கல. கழிமுகத்துல தண்ணி எடுத்துட்டுப் போனா அப்படித்தான், மண்ணுக்குள்ள இழுத்துடும்னாங்க.

எல்லாரும் அழுதாங்க. அம்மா அழல. அம்மா வீட்டுக்குள்ள போய்த் தேடினா. வெளிய வந்து, போன் சார்ஜரைக் காணோம்னா. கடல்ல முங்கிச் சாகப் போறவரு சார்ஜர் எடுத்துட்டுப் போவாரா, நடுத்திட்டுல எந்த ஓட்டைல சொருகுவாருன்னு கேட்டா. ஹாசம் காகா வாளோட வந்து வாசல்ல உக்காந்திருந்தவரு, இந்தம்மா கேக்குறது நியாயம்தானேன்னு எழுந்து போயிட்டாரு. நீங்க சிரிக்கிறீங்க. ஊரும் சிரிச்சுது, அப்புறமா. சார்ஜர் பொண்டாட்டின்னே எங்கம்மாவுக்குப் பேரு.

மூணு வருஷமா அந்த ஒரு சார்ஜரை வச்சுத்தான் அம்மா தந்தத்தைக் காப்பாத்துறா. தெனமும் காலைல விளக்கெண்ணெய் தடவித் துடைக்கிறா, வெயில்ல வெடிச்சிடக் கூடாதுன்னு. அது விரிசல் விட்டா அங்க அவருக்கு ஒண்ணு ஆயிடுமாம். கறைப் பல்லு கலர்ல இருக்கும் சாகேப் அது. எனக்குப் புடிக்கவே புடிக்காது. கனம் வேற. ராத்திரி அவ புரண்டு படுத்தா தரைல இடிக்கும், முழிப்பு வந்துடும் எனக்கு.

இப்ப ஏன்னா, எனக்குக் கல்யாணம். வைசாக மாசத்துல. பையன் பேரு கானா, டேங்கர் ஓட்டுறான், பரவால்ல. அவங்கம்மாதான் ஒரு மாதிரி. இந்தக் காலத்துல எல்லாரும் பிளாஸ்டிக், உங்க வீட்டுல அசல் இருக்காமே, அதை மாட்டி அனுப்புங்கன்னு சொல்லிவிட்டாங்க. பெரியப்பா அதைப் புடிச்சுக்கிட்டாரு. மூணு வருஷம் காத்தாச்சு, இனி பஞ்சாயத்தைக் கூட்டி, பன்னெண்டாம் நாள் சாவுச் சாப்பாடு போட்டு, அறுத்து, பூண் போட்டு இவ கையில மாட்டிடலாம், ரெண்டு காரியமும் ஒண்ணா முடியும்னாரு. என் கல்யாணத்துக்கு எங்கப்பாவைச் சாகடிக்கணும். அப்பதான் எனக்கு நகை.

எனக்குப் பிளாஸ்டிக் போதும்னு சொன்னேன். நீ சும்மா இருன்னாங்க. கானாகிட்டயே போன் போட்டுச் சொன்னேன். அம்மா சொன்னா சொன்னதுதான்னான். அவனை அப்புறம் பாத்துக்குறேன்.

அம்மா என்ன சொல்வா? மாப்பிள்ளை வாசல்ல வந்து நிக்கறப்ப பொண்ணோட அம்மாதான் எதிர்ல போய் மூக்கைப் புடிச்சு இழுத்து, கேலி பண்ணி உள்ள கூட்டிட்டு வரணும். தந்தம் கையில இருந்தாத்தான் அதைப் பண்ண முடியும். இல்லன்னா கதவுக்குப் பின்னாடி நிக்கணும். அவளுக்கு அதுதான். கானா மூக்கைப் புடிக்கணும்னு இப்பவே பேசிட்டு இருக்கா, நீளமான மூக்கு, நல்லா வாகா இருக்கும்னு. அறுக்குறதா இருந்தா கையோட அறுத்துக்கோங்கடான்னு பெரியப்பா முன்னாடி ரெண்டு கையையும் நீட்டிட்டா. அவரு தலைப்பாகையைச் சரி பண்ணிக்கிட்டுப் போயிட்டாரு. பஞ்சாயத்து வர்ற பௌர்ணமிக்கு.

அதுக்குள்ள நீங்க வரணும்.

புரியலையா? பஞ்சாயத்து கழட்டினா அவ விதவை. நீங்க கழட்டினா அது சட்டம். சர்க்கார் வந்துச்சு, தந்தம் வச்சிருக்கக் கூடாதுன்னுச்சு, எடுத்துட்டுப் போயிடுச்சு. அவ அழுவா, உங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவா, அதெல்லாம் நீங்க பொறுத்துக்கணும். ஆனா விதவை இல்ல. மறுநாள் சந்தைல வெள்ளை பிளாஸ்டிக் வாங்கி நானே மாட்டிவிடுவேன். கானா மூக்கை அவ புடிக்கலாம். கானா அம்மாவும் அசல் கேக்க முடியாது. எல்லாம் முடிஞ்சுது. நானே யோசிச்சேன் இதை, யாரும் சொல்லித் தரல.

கேஸ் போடுவீங்களா? ஜெயிலா? அப்ப நான் வச்சிருந்தேன்னு எழுதிக்கோங்க. கல்யாணத்துக்கு எனக்கு வரவேண்டியதுதானே, என்னுதுதான். தானா வந்து சொன்னா பாத்துப் பண்ணுவாங்கன்னு வாசல்ல டீக்கடைக்காரர் சொன்னாரு. அவருக்கு எல்லாம் தெரியுமாம், பதினஞ்சு வருஷமா இங்க கடை போட்டிருக்காராம்.

அது சரிதான். நீங்க கேக்குறது சரிதான். அம்மா நம்புறப்ப, ஊர்லயும் பாதிப் பேரு பாவம்னு நிக்கறப்ப, நான் எதுக்குக் கழட்டியே ஆகணும்னு குதிக்கிறேன். பஞ்சாயத்துல போய் அம்மா பக்கம் நின்னு, கழட்ட விட மாட்டேன்னு சொல்லலாமே. சொல்லலாம். எனக்கு வாய் இல்லாம இல்ல.

இதை முடிச்சிடுங்க முதல்ல. ஃபாரத்தை எழுதுங்க. ஆமா, தந்தம் அணிந்திருப்பவர் பேரு, ஜீவுபென். கணவர் பேரு ஆலாபாய். அதுக்குப் பக்கத்துல என்ன கட்டம்? இருக்கிறாரா இல்லையாவா?

இருக்காரு. டிக் போடுங்க.

காணாமப் போனவருன்னு எழுதாதீங்க. உசுரோட இருக்காருன்னு போடுங்க. மோர்பில. எங்க கம்பெனிக்கு ரெண்டு கம்பெனி தள்ளி, லோடு ஏத்துற எடத்துல. போன மாசம் கேன்டீன்ல பாத்தேன். மீசையை எடுத்துட்டாரு. அதனால எனக்குச் சட்டுன்னு தெரியல, அவருக்குத்தான் முதல்ல என்னைத் தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு பொம்பளை, மடியில கைக்குழந்தை. அந்தப் பொம்பளை கையில ஒண்ணும் இல்ல, சும்மா கண்ணாடி வளையல்.

ஓடல. ஓடுவாருன்னு நெனச்சேன். எழுந்து வந்து என் முன்னாடி நின்னு, சாப்பிட்டியான்னு கேட்டாரு. ஒட்டகம் ஏழும் வந்து சேர்ந்துச்சான்னு கேட்டாரு. சேர்ந்துச்சுன்னேன். சார்ஜர் எடுத்துட்டுப் போனியேப்பான்னு கேட்டேன். எனக்கு அந்த நேரத்துல அதுதான் வாய்ல வந்துச்சு. அவருக்கு ஒண்ணும் புரியல.

அப்புறம், அம்மா கையில தந்தம் இன்னும் இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன்.

கழட்டிடச் சொல்லும்மான்னாரு.

அன்னிக்கு சாயங்காலமே பஸ் ஏறிட்டேன். வீட்டுக்கு வந்தா அம்மா எண்ணெய் தடவிட்டு இருக்கா. என்னடி பாதில வந்துட்டன்னா. வேலை புடிக்கலன்னேன். அவருதான் சொல்லச் சொன்னாரு, நான் எப்படி சாகேப் சொல்றது? ஒரு மாசமா வாயைத் தொறக்கறேன், மூடறேன். அதான் உங்ககிட்ட வந்தேன்.

எழுதிட்டீங்களா? எங்க கையெழுத்துப் போடணும், இங்கயா?

ஒண்ணே ஒண்ணு. வர்றப்ப வாள் எதுவும் கொண்டு வராதீங்க. புது இடத்துல அறுக்கக் கூடாது, அறுக்குறதுக்கு யாரும் சாகல. ஒரு குறடு போதும். பழைய பூண்ல ஆணியைப் புடுங்கி எடுத்துக்கோங்க.