ஒச்சாயி பொட்டல்

சிரிக்காதீக சம்பந்தி. புது மருமகளை உச்சி வெயில்ல பொட்டல்ல ஒக்கார வச்சுக் கீரை கிள்ளச் சொன்னா, டவுனுக்காரவுகளுக்கு வேடிக்கையாத்தான் இருக்கும். கேட்டுட்டுச் சிரிங்க.

முன்னொரு காலம், இதே மொச்சிக்குளத்துல மூணு வருசம் மழையே இல்லையாம். கம்மாய் காஞ்சு பொட்டலாப் போச்சாம். அதுல ஒண்ணே ஒண்ணுதான் பச்சை. தரையோட தரையாப் படர்ந்த கோழிக்கீரை. செவத்த தண்டு, தடிச்ச குட்டி இலை.

"கோழி கொத்துறதை மனுசன் திங்கவா? தூ!"ன்னு சொன்ன ஊராம் இது. சொன்ன வாய்க்கும் பசிக்குமில்ல? பொழுது மசங்குனதும் முக்காடு போட்டுக்கிட்டுப் போய்ப் பறிச்சாக. எல்லாரும் பறிச்சாக, ஒருத்தரும் பறிக்கலைன்னாக. வறட்டுக் கௌரவம்! எனக்கு இப்பவும் ஆத்திரமா வருது.

எங்க பாட்டனுக்குப் பாட்டி ஒச்சாயியும் அப்படித்தான் போனாளாம். வீட்டுல மூணு வயசு மக மாயக்கா, "ஆத்தா பசிக்குது, ஆத்தா பசிக்குது"ன்னு கெடக்கா.

கோழிக்கீரையோட கலந்து சித்திரப்பாலாடைன்னு ஒண்ணு மொளைக்கும். அதே செவப்பு, அதே படர்த்தி. ஆனா கிள்ளுனா பால் வரும், வயித்தைப் புரட்டி எடுத்துரும். மசங்கல்ல என்ன தெரியும்? கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சாம். கீரைச் சாறுன்னு நெனைச்சுட்டா பாவி மக.

வேகவச்சு ஊட்டுனா. புள்ள வாந்தியா எடுத்துச்சு. காஞ்ச உடம்பு, தாங்குமா? விடியுமுன்ன போயிருச்சு சம்பந்தி.

"என்னத்தடி குடுத்த?"ன்னு ஊரே கேட்டுச்சாம். ஒண்ணும் குடுக்கலைன்னு சொல்லியிருக்கலாம். மானம் தப்பியிருக்கும். ஆனா அன்னைக்குச் சாயங்காலமும் அத்தனை பேரும் பறிக்கப் போவாளுகளே!

"கோழிக்கீரைதான் குடுத்தேன். நீங்க உங்க புள்ளைகளுக்குக் குடுக்கீகளே, அதேதான். ராத்திரி கையில ஒட்டுனது சாறில்லடி, பாலு!"னாளாம்.

முக்காட்டை எடுத்தா. உச்சி வெயில்ல போய்ப் பொட்டல் நடுவுல ஒக்காந்தா. ஒவ்வொரு தண்டா ஒடிச்சா. "இது பாலு, வீசு! இதுல பாலு இல்ல, புள்ளைக்குக் குடு! வந்து பாருங்கடி!"

மொத நாளு ஒருத்தியும் வரலை. மாமியாகாரி மண்ணை வாரித் தூத்துனாளாம். ரெண்டாம் நாளு ஒருத்தி வந்தா. அப்புறம் ஊரே வந்துச்சு. அதுக்கப்புறம் கீரை தின்னு ஒரு புள்ளயும் சாகலைன்னு சொல்லுவாக.

அதான் ஒச்சாயி பொட்டல்ல பொழுது சாஞ்சா யாரும் கீரை பறிக்கிறதில்லை. வாக்கப்பட்டு வந்தவ, பட்டப்பகல்ல, தலையில துணியில்லாம, தண்டை ஒடிச்சு ஊருக்குக் காட்டணும். "எங்க வீட்டுக்குத்தான் பறிக்கேன்"னு சத்தமாச் சொல்லணும்.

மொதப் பிடியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வரமாட்டோம். அங்கனயே வச்சுட்டு வந்துருவோம். அது மாயக்காளுக்கு.