வகுபடாத ஏழு கோடிச் சொச்சம்

ஹலோ... அக்கா? நான்தான், ஆஸ்பத்திரியிலேருந்து... இல்லல்ல, பயப்படாதீங்க, நல்ல சேதிதான். உங்க தம்பி பேசிட்டாருக்கா... ஆமா... ஆமாக்கா, வாயத் திறந்து. கால் மணி நேரம் இருக்கும்... அழாதீங்க. நீங்க அழுதா நானும் அழுவேன், அப்புறம் யாரு சொல்றது?

என்ன சொன்னாரா... சிரிக்கக் கூடாது. "ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு"... ஹலோ? இருக்கீங்களா?... போன் நம்பர் இல்லக்கா. மணிக்கட்டுல பட்டை கட்டியிருக்காங்கல்ல, நோயாளி நம்பர் போட்டு, அது. தலையில ஆபரேஷன் ஆகி நாலு நாளா ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு வருமான்னே சந்தேகம்னுட்டாங்க. இன்னைக்கு டாக்டர் வந்து, "உங்க பேர் என்ன சார்"ங்கறாரு, இவரு அந்தப் பட்டையையே பாத்துக்கிட்டு, நம்பர வாசிச்சு, "பகா எண்"ங்கறாரு...

பகா எண்ணுக்கா... ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது... பின்ன, கணக்கு வாத்தியாரக் கட்டிக்கிட்டு எனக்கு இதுகூடத் தெரியலைன்னா எப்படி?

கேளுங்க. "கடைசி மூணை அழி, மிச்சமும் பகா எண். இன்னொரு மூணையும் அழி, அதுவும்தான்." இப்படி வலது பக்கத்துலேருந்து ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டே வந்து... எழுநூத்தி முப்பத்தொன்பது, எழுபத்து மூணு, கடைசியில வெறும் ஏழு. அத்தனையும் பகா எண்ணாம். இந்த மாதிரி அழிக்கறதுல இதைவிடப் பெரிய எண்ணே கிடையாதாம்...

பிதற்றலா... நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். நர்ஸ் பொண்ணு போன்ல போட்டுப் பாத்துட்டு, "ஏழாயிரத்து முந்நூத்து தொண்ணூத்தொண்ணு பத்தொன்பதால வகுபடுதே சார்"னுச்சு. அவ்வளவுதான். "தொண்ணூத்தொண்ணுன்னு யாரு சொன்னா? தொண்ணூத்து மூணு. கவனம் எங்க இருக்கு, எழுந்து நில்லு"ன்னுட்டாரு. அது நின்னுக்கிட்டுத்தான்கா இருந்துச்சு. டாக்டரே நிமிர்ந்து நின்னாரு... ஆமா... ஆமாக்கா, மறுபடி போட்டுப் பாத்தாச்சு. அந்த எட்டு எண்ணும் சரி.

என்னை அடையாளம் தெரிஞ்சுதாவா... ம்... அதைத்தான் டாக்டரும் கேட்டாரு, "பக்கத்துல நிக்கறது யாரு"ன்னு. பாத்தாருக்கா. பாத்துக்கிட்டே இருந்தாரு. நம்பர் நெனப்புல இருக்கு, நான் இல்ல போலன்னு... கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் மெதுவா, "இவளா? இந்த எண்ணைப் பத்தி நான் சொல்ல ஆரம்பிச்சாலே கொட்டாவி விடுவாளே, அவதான்"னாரு... சிரிக்காதீங்க... விட்டிருக்கேன்கா, பதினெட்டு வருஷமா...

இருங்க, கூப்பிடறாரு... என்னங்க?... அக்கா, இன்னொரு எண் இருக்காம். அது இடது பக்கத்துலேருந்து அழிக்கறதாம். இருபத்து நாலு இலக்கமாம்... இருக்கட்டுமே, சொல்லட்டும். நாற்காலிய இழுத்துப் போட்டுட்டேன். வச்சிடறேன்க்கா.